வண்டியக்காவின் மஞ்சள் சீட்டுகள்

எந்தப் புத்தகத்தையும் அவர் பின்னாலிருந்துதான் பிரிக்கிறார். எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் அகரவரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அங்கே போய் விரலை ஓட்டுகிறார். பெண், தாய், மனைவி, விதவை, செவிலி, வேலைக்காரி. ஏதாவது ஒன்று அகப்பட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டைச் செருகுகிறார். நோட்டில் குறித்துக்கொள்கிறார். புத்தகத்தை அலமாரியில் ஏற்றிவிட்டு, வண்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளுகிறார்.

பல்கலைக்கழக நூலகத்தில், படித்துவிட்டுத் திருப்பித் தரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் சேர்ப்பது அவர் வேலை. இருபத்துமூன்று வருடமாக நான்கு மாடியிலும் வண்டி தள்ளுகிறார். மாணவர்களுக்கு அவர் வண்டியக்கா. வண்டியின் ஒரு சக்கரம் ஓயாமல் கீச்சிடும். எண்ணெய் விடக் கூடாதா என்று கேட்டால், “வேணாம் சார், சத்தம் கேட்டாத்தான் தூங்குற புள்ளைங்க முழிச்சுக்கும்” என்பார்.

ஐம்பது வயதை எட்டும்போது, மாலை வகுப்பில் மகளிரியல் படிக்கச் சேர்ந்தார். சட்டம், வரலாறு, மருத்துவம், பொருளாதாரம் என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து நடத்தும் படிப்பு அது. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று உலகம் பிரித்துவைத்ததெல்லாம் எப்படி வந்தது என்று சேர்ந்து ஆராய்வார்கள். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத படிப்பு என்று, பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தரான நானும் கிண்டலடித்தவன்தான். மறைப்பானேன்?

அவர் என்னிடம் வாதாடவில்லை. கண்டெடுத்ததைக் கொண்டுவந்து காட்டுவார், அவ்வளவுதான். “தொழிற்சாலை நிர்வாகம்னு ஒரு புக்கு சார். ‘பெண்கள்’னு தேடினா, ‘விடுப்பு என்பதைப் பார்க்க’ன்னு போட்டிருக்கான்!” விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். “விவசாயப் புக்குல மாட்டுக்குப் பதினோரு பக்கம் சார். களையெடுத்தவளுக்கு ஒரு வரி கெடையாது.”

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நூலக லிஃப்ட் மக்கர் செய்தால் அவர்தான் வருவார். ஒருநாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்: “குழம்புல உப்பு கம்மின்னு சொன்னேன் சார். யாரு சமைச்சா, யாரு சாப்பிட்டா, யாரு கழுவப்போறான்னு மூணு கேள்வி. இப்பல்லாம் நானே உப்பு போட்டுக்குறேன்.” ஆனால் மனைவி தேர்வு எழுதப் போகும்போது வாசல் வரை பையைச் சுமந்து வருபவரும் அவர்தான்.

இந்த நிலையில்தான் மகளிரியல் துறையை மூடிவிடலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் கட்டுமானத் துறைப் பேராசிரியர். பாலம் கட்டுவதையே வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்ததால் அவருக்குப் பெயர் பாலம் சார். குறிப்பெழுத என்னை வைத்தார்கள். வண்டியக்காவுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி. துறையை மூடினால் பட்டம் கிடையாது. “ரெண்டு வருஷமும் போச்சுன்னா, எம்பொண்ணு மூஞ்சியில எப்படி சார் முழிப்பேன்?” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

குழு நூலகத்துக்கு வந்தது. மகளிரியல் என்று எழுதிய அலமாரி முன்னால் நின்று பாலம் சார் விரல் வைத்து எண்ணினார். “நாப்பத்தொண்ணு. ஒரு தட்டுகூட ரொம்பல. இதுக்கு ஒரு துறையா? எழுதிக்குங்க.” நான் எழுதினேன்.

அப்போதுதான் கீச்சென்று சக்கரச் சத்தம் கேட்டது. முதல் வண்டியை வண்டியக்கா தள்ளிவந்தார். சட்டப் புத்தகங்கள். பின்னால் காவலாளி மருத்துவத்தைத் தள்ளிவந்தார். புத்தகம் தைப்பவர் வரலாற்றையும், மாலை வகுப்புப் பெண்கள் மற்றதையும் தள்ளிவந்தார்கள். ஏழு வண்டிகள். எல்லாப் புத்தகத்திலும் மஞ்சள் சீட்டு. காலையிலிருந்து அடுக்கியிருக்கிறார்கள். நூலகர் அந்த நேரம் பார்த்துத் தேநீர் குடிக்கப் போயிருந்தார், புண்ணியவான்.

“எண்ணூத்திப் பன்னெண்டு சார்,” என்றார் வண்டியக்கா.

“இதெல்லாம் மத்த துறைப் புத்தகம்மா.”

“ஆமா சார், அங்கதான் நாங்க இருக்கோம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டிட்டு, ஊருல ஆளே இல்லன்னு எழுதிக்கிட்டா எப்படி?”

யாரோ பின்னால் விசிலடித்தார்கள். பாலம் சார் முகம் சிவக்க, கட்டுமான வண்டியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். அவர் மாணவராகப் படித்து, பிறகு தலைமுறைகளுக்குப் பாடம் நடத்திய அதே புத்தகம். சீட்டு இருந்த பக்கத்தில் ஒரு பழைய படம். பாதி எழும்பிய பாலத் தூணைச் சுற்றித் தலையில் கல்லோடு பெண்கள். படத்தின் கீழே பொறியாளர் பெயர் இருந்தது, மேஸ்திரி பெயர் இருந்தது, பாரந்தூக்கி எந்தக் கம்பெனியுடையது என்பதுகூட இருந்தது.

அவர் படத்தில் ஒவ்வொரு பெண்ணாக விரல் வைத்து எண்ணினார். “பதினாலு பேர்,” என்றார் மெதுவாக. “முப்பது வருஷமா இந்தப் படத்தைக் காட்டித் தூணை விளக்கியிருக்கேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்த நாப்பத்தொண்ணை அடிச்சிடுங்க.”

என் ஆயுளில் ஒரு வரியை அவ்வளவு ஆசையாக நான் அடித்ததில்லை. தாள் கிழிந்துவிட்டது. மூடும் பேச்சு அன்றோடு ஒழிந்தது. எந்தத் துறை மாணவரும் மகளிரியலை ஒரு பாடமாக எடுக்கலாம் என்ற ஆணையும் பத்தாம் நாள் வந்தது. வண்டியக்கா இப்போது கடைசிச் செமஸ்டர் படிக்கிறார்.

குழு வந்துபோன அன்று மாலையே மகளிரியல் துறைத்தலைவி பூரித்துப்போய், எண்ணூற்றுப் பன்னிரண்டையும் ஒரே அறையில் வைத்துப் பெரிதாகப் பெயர்ப்பலகை மாட்டலாம் என்றார். வண்டியக்கா பதறிவிட்டார்.

“ஐயையோ, வேணாம் மேடம்! டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க நம்ம ரூமைத் தேடிக்கிட்டு வருமா? அதுங்க கை வெக்கிற எடத்துலயே இருக்கட்டும்.”

ஏழு வண்டியும் வந்த வழியே திரும்பின. கட்டுமானப் பிரிவில் அந்தப் பாலப் புத்தகம் இருந்த இடைவெளி அதற்குள் மூடிக்கொண்டிருந்தது. வண்டியக்கா முழங்கையைக் கொடுத்து, இரண்டு பக்கத்துத் தடிப் புத்தகங்களையும் நெட்டித் தள்ளி, நடுவில் அதை நிமிர்த்தி வைத்தார்.