படம் போய்ச் சேராத மூன்று நாட்கள்

சுனாமி அடித்து ஒரு கிழமை ஆகியிருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீடிருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. எனக்கு மூத்தவளான என் ராத்தா கால் முறிந்து அகதி முகாமில் படுத்திருந்தாள். அவளுடைய ஆறு வயது மகளைக் காணவில்லை. நிந்தவூரில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பிய பள்ளிக்கூடப் படம் ஒன்றுதான் மிச்சம்.

காயப்பட்ட பிள்ளைகளை ஹெலிகொப்டரில் எந்தெந்த ஊருக்கோ கொண்டு போயிருந்தார்கள். பெயர் தெரியாத பிள்ளைகளோடு படங்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கொழும்பில் சில இளைஞர்கள் ஒரு வலைச்சேவை தொடங்கியிருந்தார்கள். கல்முனையில் நான் வேலை பார்த்த கணினி நிலையத்தில் ஒரேயொரு தொலைபேசி இணைப்பு உயிரோடிருந்தது. புருவத்துக்கு மேலுள்ள தழும்பு தெளிவாகத் தெரிய வேண்டுமென்று ராத்தா அழுதாள். அதனால் ஸ்கேன் செய்த படத்தைச் சிறிதாக்க மனம் வரவில்லை.

அந்தச் சேவைக்குப் படத்தை அப்படியே பைட்டுகளாக அனுப்பலாம். அல்லது பேஸ் சிக்ஸ்டிஃபோர் முறையில் எழுத்துகளாக மாற்றி, எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவச் செய்திக்குள் வைத்து அனுப்பலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். வயது, தழும்பு, படம் எல்லாம் ஒரே செய்திக்குள் ஒழுங்காக இருக்குமாம். படித்த திமிர், வேறென்ன? எழுத்தாக மாற்றினால் கோப்பு மூன்றிலொரு பங்கு பெருகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

முக்கால்வாசி தாண்டியதும் இணைப்பு அறுந்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று நாள் லைனைத் திட்டினேன். தொலைபேசிக் கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். படம் அனுப்ப நான் எழுதிய நிரலை மட்டும் ஒரு தடவையும் சந்தேகப்படவில்லை. அஸர் தொழுதுவிட்டு முகாமுக்குப் போனால், "படம் போயிட்டா தம்பி?" என்பாள் ராத்தா. "லைன் அறுந்து போகுது ராத்தா" என்பேன்.

நாலாம் நாள் காலையில்தான் புத்தி வந்தது. படத்தைப் பைட்டுகளாகவே தனிப் பகுதியில் வைத்து அனுப்பினேன். மாற்றியது பத்துப் பன்னிரண்டு வரி. ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தது. தனியே இருந்து பைத்தியக்காரனைப் போலச் சிரித்தேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. தழும்பு பொருந்திய பிள்ளை தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்திருக்கிறாள். பெயர் கேட்டால் "உம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லையாம். முந்தின நாள் மௌத்தாகிவிட்டாள். தாயைக் கூப்பிடும் அந்த ஒரு சொல்லை வைத்தே முஸ்லிம் பிள்ளையென்று அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரர்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். ஜனாஸாவைப் பிந்தவைக்கக் கூடாதென்று நான் படம் அனுப்பிய அன்று விடியற்காலை சுபஹோடு அடக்கியும்விட்டார்கள்.

ராத்தாவிடம் நான்தான் சொன்னேன். அழுது ஓய்ந்த பிறகு என் தலையைத் தடவினாள்.

"லைன் அறுந்து அறுந்து போனா நீ என்னடா தம்பி செய்வாய்?"

"ஓம் ராத்தா, லைன்தான்" என்றேன்.