ஈயம் பற்றவைத்த கள்

என் அடுப்படி மூலையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. எஸ்டேட் ஃபாக்டரியில் சாம்பிள் தேயிலை அனுப்புவதற்கென்று செய்த டப்பா. சொம்பைவிடப் பெரிது, குடத்தைவிடச் சிறிது. அதன் மூடியை யாராலும் திறக்க முடியாது. சுற்றிலும் ஈயம் வைத்து ஊசி நுழைய இடமில்லாமல் பற்றவைத்திருக்கிறது. ஆனால் விலாப் பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்து, ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்தக் கிழிசல் வழியாகத்தான் நான் உள்ளே தீப்பெட்டி வைப்பேன், எடுப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் மூடியைத் திருகிப் பார்த்துத் தோற்றுவிட்டு, இது என்ன டப்பா என்று கேட்பார்கள். இந்த வீட்டிலேயே கள் குடிக்காத ஒரே ஆள் கள்ளுக்காகப் பற்றவைத்த டப்பா என்பேன். அப்புறம் உட்கார்ந்து முழுதும் கேட்காமல் யாரும் போனதில்லை.

அப்போதும் நாங்கள் இதே நெல்லியாம்பதி மலையில், தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில்தான் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டியை ஈயம் வைத்து அடைக்கிற வேலை. எனக்கும் மாமியாருக்கும் கொழுந்து பறிக்கிற வேலை. மலைக்கு நேர் கீழே கொல்லங்கோடு. காட்டுப் பாதையில் காலையில் இறங்கினால் உச்சி வெயிலுக்கு முன்னால் வயல்வெளிக்கு வந்துவிடலாம். வெயில் காலத்தில் கொழுந்து குறைந்துபோகும்போது வருசத்துக்கு ஒருமுறை லீவு கொடுப்பார்கள். மாமியாருக்குப் பிறந்த ஊர் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில்தான். "அண்ணன் ஊட்டுக்கு ஒறம்பரை போறேன்" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டுப் புறப்படுவார். அண்ணன் வீட்டுக்கு முன்னால் ஒரு கள்ளு ஷாப்பு வரும். அது வழியில் இல்லை. வழியை அவர்தான் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

மலையில் என் மாமியார் சிரித்து நான் பார்த்ததில்லை. கூடையை முதுகில் மாட்டினால் தேயிலை நிரையில் யார் பேசினாலும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பேச்சு அப்படியே நின்றுவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பார்வைக்குப் பயந்து உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். முதல் லீவுக்கு அவரோடு இறங்கினபோதுதான் ஆள் வேறு என்று தெரிந்தது. பனைமரங்களுக்கு நடுவே ஓலை வேய்ந்த கொட்டகை. ஆம்பளைகள் முன்பக்கம், வேலைக்குப் போகிற பொம்பளைகள் பின்பக்கம். பின்பக்கம் கவிழ்த்துப் போட்ட ஓர் ஆட்டுரல். எங்களைக் கண்டதும் ஷாப்புக்காரி ஓடிவந்து அந்த ஆட்டுரலை முந்தானையால் துடைத்தாள். மாமியார் மகாராணி மாதிரி அதில் உட்கார்ந்து, காலை நீட்டி, என்னைப் பார்த்து, "ஏபுள்ள, இங்க நான் உனக்கு மாமியா இல்ல. மலை ஏறுனப்பொறவுதான்" என்றார். கொட்டாங்குச்சியில் முதல் வாய் என் கைக்கு வந்தது. அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்ச்சேர ரொம்ப நேரமானது.

அதற்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் அதே வழி, அதே ஆட்டுரல், அதே மத்திமீன் குழம்பும் வேகவைத்த கிழங்கும். பேச்சும் அதேதான். மாமியார் ஒரு வாய் குடிப்பார், கண்ணை மூடுவார், நாக்கால் அண்ணத்தைத் தட்டுவார். நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

"போன வருசத்துக் கள்ளு மாதிரி இல்ல."

"போன வருசமும் இதையேதானுங்க்கா சொன்னீங்க" என்பாள் ஷாப்புக்காரி.

"போன வருசமும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கொட்டாங்குச்சியை மறுபடி நீட்டுவார்.

என் வீட்டுக்காரர் உள்ளே வரமாட்டார். பனையடியில் குடையையும் மூட்டையையும் காவல் காத்தபடி சுண்ணாம்புக் கலயத்தில் இறக்கின, போதையில்லாத தெளுவு குடித்துக்கொண்டிருப்பார். ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டார், கள்ளைத் தொடக் கூடாதென்று. ஏன் அப்படி என்று ஒருமுறை ஷாப்பில் வைத்து, மாமியார் மாமியாராக இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "ஊட்டுல ஒருத்தர் குடிச்சாப் போதும்" என்றார். அப்புறம் என் கையிலிருந்த கொட்டாங்குச்சியைப் பார்த்து, "சரி, ரெண்டு" என்றார்.

ஒரு வருசம் லீவுக்குச் சில நாளைக்கு முன்னால் மாமியார் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் அடி. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து பலகை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிடும், ஆனால் சாப்பிட்டால்தான் கூடும் என்றார். மாமியார் சாப்பிடவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கஞ்சியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்வார். திட்டுகூடக் கிடையாது; அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது. ஆள் தேறுவது சந்தேகம்தான் என்று டிரெஸ்ஸர் வாசலில் வைத்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் கட்டிலடியில் உட்கார்ந்து, "என்ன வேணுமின்னு சொல்லும்மா, கொண்டாறேன்" என்று கெஞ்சினார். சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது: "அந்த ஷாப்புக் கள்ளு ஒரு வாய் எறங்குனா, பொறவு கஞ்சி எறங்குமோ என்னமோ."

லீவில் மிச்சமிருந்தது இரண்டே நாள். பக்கத்து லயத்துக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். கீழே போய் ராத் தங்கி, விடிந்ததும் மரத்திலிருந்து இறக்கின புதுக் கள்ளை வாங்கிக்கொண்டு உடனே ஏறிவிடுவதாகப் பேச்சு. கலயத்தில் ஊற்றி, வாயில் பன்னாடை வைத்துக் கட்டி ஷாப்புக்காரி கொடுத்தாள். என் வீட்டுக்காரர் அதை ஏதோ ஓட்டைக் குடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தன் பையைத் திறந்தார். உள்ளே இந்த டப்பா, ஈயக் கட்டி, பற்றவைக்கிற இரும்பு, எல்லாம் ஃபாக்டரியிலிருந்து வந்திருந்தன. இரும்பை ஷாப்புக்காரியின் மீன்குழம்பு அடுப்பில் சொருகிப் பழுக்க வைத்தார்.

"இதென்னங்க தம்பி பண்றீங்க?"

"காத்துப் பட்டாச் சரக்குப் போச்சுங்க்கா. நாங்க அடைக்கற தேயிலை கப்பலேறிச் சீமைக்குப் போயும் மணம் மாறாம இருக்குது. இது பகல்ல ஏறுற மலைதானுங்க."

"தேயிலை செத்த எலைங்க தம்பி. இது உசுரோட இருக்குதுங்க. மூக்கப் பொத்துனாச் சும்மா இருக்குமுங்களா?"

"என்ற தொழிலே மூடறதுதானுங்க்கா."

எனக்கும் தெரியும். கலயத்துப் பக்கம் காதை வைத்தால் கள் சலசலவென்று பேசிக்கொண்டே இருக்கும். பேசுகிறதின் வாயை அடைத்தால் அது சும்மா இருக்காது, என்னையும் சேர்த்துத்தான். சொன்னேன். "நீ குடிக்கறவ. உனக்கு மூடறதப் பத்தி என்ன தெரியும்?" என்றார். சொன்னபடியே கலயத்துக் கள்ளை டப்பாவில் ஊற்றி மூடி, சுற்றிலும் ஈயம் ஓடவிட்டு, ஊதி, விரலால் தடவி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, சந்தோசமாகத் தலையில் சும்மாடு கட்டி டப்பாவை ஏற்றிக்கொண்டார்.

வெயில் ஏறஏற நாங்களும் ஏறினோம். என்னிடம் ஒரு நிமிசம்கூடத் தூக்கக் கொடுக்கவில்லை. முதலில் இளைப்பாறின பாறையில் டப்பாவை இறக்கி வைத்தார். அது நிற்கவில்லை, தொட்டில் மாதிரி அங்குமிங்கும் ஆடிற்று. அடித்தகரம் உப்பிப் பந்தாகியிருந்தது.

"பாத்தியா புள்ள, காத்து துளி உள்ள போகல."

"வெளியேயும் போகலீங்களே."

அவர் சும்மாட்டைச் சரிசெய்தார். மறுபடி தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எஸ்டேட்டுக்கு மூட்டை கொண்டுபோகிறவர்கள் சிலர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பாதை வளைகிற இடத்தில் டமார் என்று ஒரு சத்தம். மலையே திரும்பிச் சத்தம் போட்டது. முன்னால் போனவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். "துரை ஆனையச் சுடறாருடா" என்று ஒருவன் கத்தினான். என் வீட்டுக்காரர் பாதை நடுவில் உட்கார்ந்திருந்தார். தலையில் கை வைத்தார், ஈரம். நெஞ்சைத் தொட்டார், ஈரம். கண்ணைத் திறக்காமல், "புள்ள, என்னையச் சுட்டுட்டாங்க" என்றார்.

மீசை முழுக்க வெள்ளை நுரை. நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். சாகப்போகிற மனுசர் உதட்டை ஒருமுறை நக்கினார். கொஞ்சம் யோசித்தார். இன்னொருமுறை நக்கினார். அப்புறம்தான் கண்ணைத் திறந்து டப்பாவைத் தேடி எடுத்தார். விலா கிழிந்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் மூடியைச் சுற்றித் தடவி, "பத்தவெச்ச எடம் உடலயே" என்றார். அந்தப் பெருமை முகத்தில் நிற்கும்போதே அழுகை வந்துவிட்டது. "அம்மாகிட்ட என்னனு சொல்லுவேன்? இனிக் கஞ்சி எப்படி எறங்கும்?" என்று குழந்தை மாதிரி விசும்பினார். என் சிரிப்பும் நின்றுபோனது.

திரும்ப இறங்கலாமென்றால் லீவு முடிந்தது. மறுநாள் இரண்டு பேரும் வேலைக்கு நிற்க வேண்டும். ஓடை வந்ததும் அவர் சட்டையைக் கழற்றினார். அம்மாவுக்கு நாற்றம் தெரியக் கூடாதாம். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "குளிக்காதீங்க. குளிச்சுட்டுப் போனா, நாம ரெண்டு பேருமே குடிச்சுத் தீத்துட்டமுன்னு அத்தை நெனைப்பாங்க. சாட்சி உங்க மேலயே இருக்கட்டும்" என்றேன். அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஈ மொய்த்தது. கள்ளைத் தொடாத மனுசரென்று எஸ்டேட் முழுக்கப் பேர் எடுத்தவர் லயத்து வாசல்களைத் தாண்டிப் போனபோது ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

உள்ளே மாமியார் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவர் மூக்கு முதலில் அசைந்தது. அப்புறம் தலை மெள்ளத் திரும்பியது. "யாரது, ஷாப்புக்காரியா வந்திருக்கறது?" என்றார். என் வீட்டுக்காரர் டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டு, ஈயம், அடுப்பு, பாறை, டமார் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னார். மாமியார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கிட்ட வா" என்றார். அறைவாரோ என்று நினைத்தேன். மகன் குனிந்தார். அவர் இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்து, தொட்டில் குழந்தையை மோப்பதுபோல உச்சியில் மூக்கை வைத்து நெடுகிலும் மோந்தார். கண்ணை மூடினார். நாக்கு அண்ணத்தைத் தட்டியது.

"போன வருசத்துக் கள்ளு மாதிரி இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. மலையில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டில் கிறீச்சிட்டது; இடுப்பு வலியில் "ஐயோ" என்பார், மறுபடி சிரிப்பார். மகன் ஒன்றும் புரியாமல் நின்றார். கடைசியில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "இவனை நம்பி ஆவாது. அடுத்த லீவுக்கு நானே போயிக்கறேன். என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, கஞ்சியக் கொண்டா" என்றார்.

எலும்பு கூடிற்று, நடை மட்டும் திரும்பவில்லை. அடுத்த லீவுக்கு மூங்கில் நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மகன் முன்கொம்பைப் பிடித்தார். ஷாப்புக்காரி ஆட்டுரலைத் துடைத்துவிட்டு, இவரை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, இன்னைக்கு அம்மா வாய அடைக்க ஈயம் கொண்டாந்தீங்களா?" என்றாள். அதற்கப்புறமும் சில வருசம் மாமியார் அந்த ஆட்டுரலில் உட்கார்ந்து அதையேதான் சொன்னார். ஒருமுறைகூட அவருக்குப் போன வருசத்துக் கள் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கடைசிவரை கள் குடிக்கவில்லை. ஆனால் டப்பாவைப் பற்றி யார் பேசினாலும், கிழிந்தது தகரம் செய்தவன் குற்றம், பற்றவைத்தவன் குற்றமில்லை என்பார். இப்போது அவரும் இல்லை, மாமியாரும் இல்லை. எனக்கு முழங்கால் போய்விட்டது. லீவுக்குக் கீழே போகிறவர்கள் என் மகனும் மருமகளும்தான். போன வாரம் புறப்படும்போது மருமகள் தீப்பெட்டி எடுக்க அடுப்படி மூலைக்குப் போனாள். கிழிசலுக்குள் கைவிட்டபடியே, "அத்தை, உங்களுக்கு ஷாப்புல இருந்து என்ன கொண்டாறட்டும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம். உன்ற புருசன் தலையக் கொண்டா, மோந்து பாத்துக்கறேன்" என்றேன்.