புளி போட்டுத் துலக்கிய கனெக்டிகட் காசு

அண்ணாமலை நகரில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பழங்காசு சேர்ப்பவர்களிடம் இருபது ஆண்டுகளாக ஒன்றையே சொல்லிக் கத்தியிருக்கிறேன்: செப்புக்காசைத் துலக்காதீர்கள். மேலே படிந்த பழுப்புத்தான் அதன் மதிப்பு. குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்க வைத்தால், எவ்வளவு அரிய காசானாலும் ‘துலக்கியது’ என்று எழுதித் தரம் தராமல் ஒதுக்கிவிடுவார்கள்.

லால்பேட்டை நண்பர் ஒருவர், காசு சேர்க்கும் எங்களுக்கெல்லாம் பாய், அப்படியொரு காசைத் தரம் பார்க்கக் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்கா தனிநாடான புதிதில் அங்குள்ள கனெக்டிகட் மாநிலத்தார் அடித்த செப்புக்காசு. கப்பலில் வேலை பார்த்த அவர் தகப்பனார் கொண்டுவந்தது.

ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது. ஐந்தா, ஏழா? எனக்குப் பொறுக்கவில்லை. மனைவி நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அடுக்களைக்குப் போய்ப் புளியை எடுத்தேன்.

ஏழு. காசு முழுவதும் சிவந்து பல்லிளித்தது.

காசை வாங்க வந்தவரிடம், “வீட்டுக்காரம்மா பூசைச் சாமானோட சேத்து வெளக்கிட்டாங்க பாய்” என்றேன்.

நம்பிவிட்டார். எல்லோருமே நம்பினார்கள். இன்றும் எனக்கு வயிறு எரிவது அதில்தான். நூலகத்தில் முப்பது வருடம் பொடிந்துபோகும் ஏடுகளைக் கையாண்டவள் என் மனைவி. படித்த மனிதர்களில் ஒருவனுக்காவது சந்தேகம் வர வேண்டாமா? கடலூரில் மாதாமாதம் எங்கள் காசுச் சங்கம் கூடும்போதெல்லாம் அதே கேலி: “சார், காச மறைச்சு வையுங்க. அக்கா புளி கரைச்சிட்டாங்களாம்!” கூடவே நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவன்.

மூன்று வருடம் கழித்து, பாய் வீட்டுக் கல்யாணத்தில் அவர் மனைவி இவளிடமே விளையாட்டாகக் கேட்டுவிட்டார்: “என்னாக்கா, எங்க மாமனாரு காசும் ஒங்களுக்குப் பூசைச் சாமானா?”

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். “நான் எப்பங்க வெளக்குனேன்?”

உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. “வண்டிய ஓரமா நிறுத்துங்க. பாய்க்குப் போன் போடுங்க. நீங்க சொல்றத நான் கேக்கணும்.”

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “காசு போனாப் போவுது சார். அந்தம்மாவ இத்தன நாளு கிண்டல் பண்ணிட்டமே! கூட்டத்துல அத்தன பேரு முன்னாடியும் சொல்லுங்க” என்றார்.

“நானும் வரேன்” என்றாள் இவள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சொன்னேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சங்கத் தலைவர் சிரித்துக்கொண்டே கைகாட்டினார். “விடுங்க சார், தமாஷுதானே. இதுக்குப் போயி ஜாஸ்தி டென்ஷன் ஆவுறீங்க.”

“தமாஷா? பொய் சொன்னவன் நான். சிரிச்சது நீங்க. பேரு கெட்டது அவளுக்கு. மன்னிப்ப அவகிட்ட கேளுங்க!” என்றேன்.

பாய் மட்டும் எழுந்து அவளுக்கு முன்னால் வந்து நின்று, “மன்னிச்சிருங்கக்கா” என்றார். மற்றவர்கள் குனிந்து தங்கள் ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். கடைசியில் என்னையும்.