மோசல் ஆற்றங்கரையில் என் தம்பி

போன வாரம் மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காரணம்... ஜெர்மனியில் மழை!

சிரிக்காதீர்கள். என் தம்பி சேகர் கம்பெனி ட்ரெயினிங்குக்காக அங்கேதான் போயிருக்கிறான். மோசல் என்ற ஆற்றின் கரையில் ஒரு குட்டி ஊர். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. மலை முழுக்கத் திராட்சைத் தோட்டம். பிள்ளைகள் எழுதும் சிலேட்டு இருக்கிறதே, மலையே அந்தக் கல்தானாம். பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிகளுக்குக் கொடுக்குமாம். ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே ஒயின்தான் பிழைப்பு. அவன் தங்கியிருப்பதும் ஒயின் தயாரிக்கும் ஓர் அம்மாள் வீட்டில்தான். 'ஜன்னலைத் திறந்தால் ஆறு' என்று பெருமையாக எழுதியிருந்தான்.

சனிக்கிழமை பேப்பரைப் பிரித்தால் மோசல் கரையில் வெள்ளம். தெருவில் படகு போகிற படம்!

"மோசல்னு பேரைக் கேட்டப்பவே மோசமா பட்டுச்சு" என்றாள் அம்மா.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடினேன். டயல் செய்தால் ஒரு பெண் குரல் ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. என்ன சொல்கிறாள்? லைன் இல்லை என்றா? வீடே இல்லை என்றா?

"எத்தினி தபாக்கா போடுவே? நீ குந்து, நான் போட்டுகினே கீறேன்" என்றார் பூத்காரர்.

ஞாயிறும் அதே குரல். திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். சேகருக்கு நீச்சல் தெரியாது. அது அம்மாவுக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்: "ஓடி வாங்க! சேகர் லைன்ல இருக்கான்!"

"அக்கா, நான் நல்லா இருக்கேன். மேட்டுல அந்தம்மாவோட தங்கச்சி வீட்ல இருக்கோம்."

"பாவி... ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"போன் கீழ்வீட்ல முங்கிடுச்சுக்கா. ராத்திரி பகலா ஒயின் பாட்டிலையெல்லாம் மேல ஏத்தினோம். அந்தம்மா அசரவே இல்ல. பழைய வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு சுவத்துல வருஷம் போட்டுக் கோடு செதுக்கி வச்சிருக்காங்க. 'தண்ணி போனதும் கழுவிக்கலாம்'னு சொல்றாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ரிசீவரைப் பிடுங்கினாள். முதல் கேள்வி என்ன தெரியுமா?

"டேய்... குடிச்சியா?"



"ரொம்பக் குளிரும்மா... அந்தம்மா ஒயினைச் சூடு பண்ணி ஒரே ஒரு டம்ளர்..."

பிள்ளை பிழைத்துவிட்டான் என்று தெரிந்த நொடியே அம்மாக்களுக்கு அடுத்த கவலை ரெடி!