தூங்க வந்த செல்வி

காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. செவ்வாய்க்கிழமை மதியம் சமுதாயக் கூடத்தில் கூடுவோம். அன்று மகளிர் தின விழாவுக்காகக் கும்மி பழகிக்கொண்டிருந்தோம். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து நின்றதில் எனக்குக் கால் கடுத்தது. சுவரோரமாகச் செல்வி வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். விடியுமுன் தக்காளி பறிக்கப் போகிறவள்; வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. அதெல்லாம் தெரிந்தும், எரிச்சலில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

“தூங்கறதுன்னா வூட்லயே தூங்க வேண்டியதுதானே? இங்க எதுக்கு வர்ற?”

திடுக்கிட்டு எழுந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை.

“வூட்ல படுத்தா யாராச்சும் எழுப்பிடறாங்கக்கா. குழுவுக்குப் போறேன்னு சொன்னாத்தான் விடறாங்க. வாரத்துல எனக்கு இந்த ஒரு மணி நேரந்தான்.”

பாட்டு நின்றுபோயிற்று. பதினோரு பெண்கள் இருந்தோம், யாரும் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த பாயை எடுத்து விரித்தேன்.

“படு செல்வி. நேரமானா நானே எழுப்பறேன். வூட்ல கேட்டா கும்மி பழகினேன்னு சொல்லிக்கோ.”

மற்றவர்கள் சத்தமில்லாமல் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்க் கும்மியைத் தொடர்ந்தார்கள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நேரமாகியும் எழுப்ப மனம் வரவில்லை. இத்தனை வருடத்தில் யாரிடமும் ‘உனக்கு இங்கே என்ன வேண்டும்’ என்று நான் கேட்டதே இல்லை. என்னையும் சேர்த்துத்தான். அந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், எனக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை என்பது புரிந்தது.