கூலாய் ஓட்டமும் ஒற்றை உறுமியும்

கிள்ளானிலிருந்து கூலாய்க்கு ஓடப் போனோம் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். காரில்தான் போனோம், ஓடியது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. போன மாதம் அங்கே நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் நானும் என் அண்ணி மலர்விழியும் கலந்துகொண்டோம். அண்ணிக்குக் கண் தெரியாது. சர்க்கரை நோயில் பார்வை போய் ஆறு வருடமாகிறது. கண் தெரியாதவரோடோ, சக்கர நாற்காலியில் வருபவரோடோ, நடக்கச் சிரமப்படுபவரோடோ இப்படியொரு ஓட்டத்துக்குப் போக நினைக்கிறவர்கள் எங்களுக்கு நடந்த கூத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அவருக்கு வழிகாட்டி. இருவர் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு முழக் கயிறு. பக்கத்தில் ஓடியபடியே வாயால் சொல்லிக்கொண்டு வருவேன்: இடது, வலது, பள்ளம், ஓரத்தில் லோங்காங், அதாவது சாக்கடை. வாய் ஓயாதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அந்தக் குறையே இங்கே தகுதியாகிவிட்டது.

அண்ணன் வரவில்லை. வர வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம். தங்கமான மனிதர், ஆனால் கூட வந்தால் பத்துக் கிலோமீட்டரும் ஓரத்திலேயே ஓடி வந்து "மெதுவா, மெதுவா" என்பார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். டோல் மட்டும் நாற்பது ரிங்கிட்டைத் தாண்டுகிறது, அட்டையில் போதுமான பணம் போட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆயர் ஈத்தாமில் இறங்கினோம். அங்கே பானைக் கடைக்குள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய ரோதனை. ஒவ்வொரு ஜாடியையும் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததற்கு நகர்வார். கடைக்கார அம்மாவின் கண் எங்களைவிட்டு அகலவில்லை. அண்ணி எதையும் உடைக்கவில்லை. ஒரு பூச்சாடியை என் கைப்பைதான் தட்டிவிட்டது, நல்லவேளை தப்பித்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி விஷயத்துக்கு வந்தார்.

"சுமதி, கடைசி நூறு மீட்டர்ல கயித்த அவுத்துரு. நான் தனியா ஓடணும்."

"விழுந்தீங்கன்னா அண்ணன் என்னைச் சும்மா விடமாட்டாரு."

"ஆறு வருசமா யாரோட கையாச்சும் என் கையில இருக்குது. அன்பாதான் புடிக்கிறீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்கு வேகமா போகணும்னு தோணினா, அந்தக் கைக்கும் தோணணும்ல."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பக்கத்துத் திடலில் ஒன்று செய்து பார்த்திருக்கிறோம். நான் தூரத்தில் நின்று கூப்பிடுவேன், அவர் என் குரலைப் பிடித்துக்கொண்டு நேராக வந்துவிடுவார். அதையே கூலாயிலும் செய்வது என்று முடிவானது. கடைசி நேர்ச்சாலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு நான் முன்னால் போய் நின்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து ஊரான ஸ்கூடாயில் அறை வாடகை கொஞ்சம் குறைவு. ஆனால் விடியற்காலை அங்கிருந்து வர வேண்டும், போக்குவரத்தை நம்ப முடியாது. கூலாயிலேயே 110 ரிங்கிட்டுக்கு ஓர் அறை கிடைத்தது. மாலையில், சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்ணை வாங்கப் போனோம். வாங்குமிடம் முதல் மாடியில், மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒருவர் கீழேயே காத்திருந்தார். அவருடைய எண்ணைக் கீழே கொண்டுவந்து கொடுத்துச் சிரித்தார்கள். அவரோ மேலே இருந்த கடைகளைப் பார்க்கத்தான் சீக்கிரமே வந்தாராம். மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது.

மேஜையில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு என்ன சைஸ் சட்டை?" என்றாள்.

"நான் இங்கதான்மா நிக்கிறேன். எம் சைஸ்," என்றார் அண்ணி.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை, உடனே வருத்தம் சொன்னாள். சொன்ன கையோடு, மூன்று கிலோமீட்டர் சிறப்புப் பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்களேன், இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள் என்றாள். அண்ணி முகத்தில் ஒரு சிரிப்பு. "பத்துக்குத்தான் பேர் குடுத்தேன். பத்தே ஓடிக்கிறேன்." அவருக்குக் கட்டணம் 65 ரிங்கிட். வழிகாட்டிக்கு இலவசம் என்று எனக்கு எண்ணே தரவில்லை. நானும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை, எண் இல்லாதவளை உள்ளே விட மாட்டேன் என்று வாசலில் காவலாளி நிறுத்தியபோதுதான் அந்த இலவசத்தின் விலை புரிந்தது. கயிற்றைக் காட்டி, அண்ணியைக் காட்டி, மலாயில் மன்றாடி உள்ளே நுழைந்தோம்.

ஆறரைக்கு ஓட்டம் தொடங்கியது, இன்னும் இருட்டுதான். கடைவீதி, வீடமைப்புப் பகுதி, அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலை. காற்று குளிர்ச்சியாக இருந்தது, அண்ணியின் மூச்சும் சீராக இருந்தது. ஓட்டக்காரர்களை உற்சாகப்படுத்த வழியெங்கும் வாத்தியக் குழுக்களை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளம், ஐந்தாவதில் சீனர்களின் சிங்க நடனக் கொட்டு, ஆறாவதில் நம்ம உறுமி மேளம். மூன்று இனத்தையும் மறக்காத நல்ல ஏற்பாடு. முதல் இரண்டையும் ஓரமாக ஒதுங்கிக் கடந்துவிட்டோம்.

உறுமிக் குழு நம்ம ஆட்கள். நம்ம ஆட்களுக்குப் பாசம் வந்தால் ஓரமாக நிற்கத் தெரியாது. கயிற்றையும் அண்ணியையும் பார்த்ததும் ஒருவர், "கண்ணு தெரியாத அக்கா ஓடி வர்றாங்கடா, நல்லா அடிங்கடா," என்று கத்தினார். எட்டுப் பேர் மேளத்தோடு சாலைக்கு இறங்கி, எங்களைச் சுற்றி வளைத்து, கூடவே ஓடிக்கொண்டு அடித்தார்கள். முன்னால் வேகத்தடை, எங்கள் பேச்சில் பொங்கோல். "பொங்கோல் அண்ணி, பொங்கோல்," என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணி தடுக்கி விழுந்தார், கயிறு இழுத்ததில் நானும் அவர் மேலேயே விழுந்தேன்.

மேளம் நின்றது. அண்ணியின் முழங்காலிலும் உள்ளங்கையிலும் ரத்தம். "அறிவிருக்கா உங்களுக்கு? கண்ணு தெரியாதவங்க காதையும் அடைச்சா எப்படி ஓடுவாங்க?" என்று நான் பிடித்த பிடியில் எட்டுப் பேரும் தலை குனிந்து நின்றார்கள். குழுவின் தலைவர் முகிலன், பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீர் போத்தலோடு ஓடி வந்து அண்ணியின் காலைக் கழுவிவிட்டார்.

"மன்னிச்சிருங்க அக்கா. உங்களப் பாத்ததும் பசங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சும்மா நிக்க முடியல."

"தெரியுது தம்பி. நல்லாத்தான் அடிக்கிறீங்க," என்றார் அண்ணி. "ஆனா நீங்க கிட்ட வந்ததும் எனக்கு ரோடே காணாமப் போயிருச்சு. இவ வாயிலதான் எனக்கு ரோடு இருக்கு."

முகிலன் தண்ணீர் போத்தலை மூடினார். பிறகு, "முடியுற இடத்துல இதவிடச் சத்தம் லா அக்கா. பெரிய பெரிய ஸ்பீக்கரா வச்சிருக்காங்க," என்றார்.

எனக்கு அப்படியே சப்பென்று ஆகிவிட்டது. ஆயர் ஈத்தாமில் போட்ட திட்டம் அவ்வளவுதான். அண்ணியின் முகத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அவரோ கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, கடைசி நூறு மீட்டர் ஆசையை முகிலனிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லட்டா அக்கா?"

"நிறுத்தினா இவ குரல் கேக்கும். ஆனா பாசத்துல இன்னும் பத்துப் பேர் 'அக்கா இங்க, அக்கா இங்க'ன்னு கூப்பிடுவாங்களே. நான் எந்தப் பக்கம் போறது?" கொஞ்சம் யோசித்தார். "நீங்க ஒருத்தர் மட்டும் ஓட்டம் முடியுற இடத்து வளைவுக்குப் பின்னால நில்லுங்க தம்பி. ஒரே தாளமா அடிங்க. வேற எந்தச் சத்தமும் வேணாம். அதப் புடிச்சிக்கிட்டு நான் வந்துருவேன்."

"நடத்துறவங்க கேப்பாங்களான்னு தெரியல. சொல்லிப் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு மேளத்தை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

மிச்ச நான்கு கிலோமீட்டரும் அண்ணி நொண்டிக்கொண்டுதான் வந்தார். இரண்டு மணி நேரத்துக்குள் வராதவர்களுக்கு நேரம் பதிவாகாது என்பது விதி. கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது இன்னும் இருபது நிமிடம் மீதமிருந்தது. ஆனால் பாட்டுச் சத்தம் தரையையே அதிரவைத்தது. "அவுக்க மாட்டேன் அண்ணி," என்றேன். "இப்ப அவுக்காத. கொஞ்சம் பொறு," என்றார்.

நின்றோம். மற்றவர்கள் எங்களைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் மலாயில், ஓர் ஓட்டக்காரர் காதால் வழி பார்க்கிறார், தயவுசெய்து யாரும் கூப்பிடாதீர்கள், கைதட்டாதீர்கள் என்றார். அதையே சீன மொழியில் ஒரு பெண் சொன்னார். தமிழில் சொன்னது முகிலன். கூட்டத்தில் ஒருவரையொருவர் அடக்கும் "உஷ்" மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

டம். ஒரு மூச்சு இடைவெளி. டம்.

அண்ணி தலையை லேசாகத் திருப்பினார். "அவுத்துரு," என்றார். அவிழ்த்தேன்.

முதலில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு போனார். கொஞ்ச தூரத்தில் கைகள் தாமாகக் கீழே இறங்கின, மற்றவர்கள் ஓடுவதுபோல வீசி ஓட ஆரம்பித்தார். ஒரு கட்டத்தில் இடப்பக்கத் தடுப்பை நோக்கிச் சாய்ந்தார். அங்கே நின்ற ஒரு பெண் பிடிக்கக் கையை நீட்டி, தன் கையைத் தானே இழுத்துக்கொண்டார். டம் என்று அடுத்த அடி விழுந்தது, அண்ணி வலப்பக்கம் திரும்பிக்கொண்டார். புண்பட்ட காலோடு, என்னுடன் ஒருநாளும் ஓடாத வேகத்தில் ஓடினார். பின்னால் ஓடிய என்னால் பிடிக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது, ரோஷமும் வந்தது. இத்தனை நாளும் அண்ணியின் வேகம் அதுதான் என்று நினைத்திருந்தேன். அது என் வேகம்.

முடிவுக் கோட்டைத் தாண்டினார், நேரம் பதியும் கருவியும் பீப் என்றது. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று முகிலனுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணி நேராகத் தன் மேலேயே வருவதைப் பார்த்த மனுஷன், அடிப்பதை நிறுத்தாமல் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணியும் விடாமல் பின்னாலேயே ஓடினார். பதக்க மேஜை போனது, வாழைப்பழக் கூடைகள் போயின, கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்த ஒரு லாரியில் முகிலனின் முதுகு முட்டியபோதுதான் தாளம் நின்றது. அண்ணி கையை நீட்டி உறுமியைத் தொட்டார்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"எப்பவோ முடிஞ்சிருச்சு அக்கா."

அப்போதுதான் கூட்டம் கைதட்டியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வழிகாட்டிக்கும் ஓர் எண் கேட்டு வாங்குங்கள், இலவசம் என்றாலும் விடாதீர்கள். எண் வாங்குமிடத்தில் படியா, மின்தூக்கியா என்று முன்பே கேளுங்கள். பிளாஸ்டர், மருந்து கையோடு இருக்கட்டும்.

நடத்துகிறவர்களுக்கு: உங்களிடம் அன்புக்குக் குறைவில்லை, எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. என்ன வேண்டும் என்று ஓடுகிறவரிடமே கேளுங்கள், கூட வந்தவரிடம் அல்ல. வேகத்தடை, திருப்பம் உள்ள இடங்களில் வாத்தியம் வேண்டாம். கண் தெரியாதவர் வரும்போது கடைசி நூறு மீட்டருக்கு ஒரே ஒரு சத்தம் போதும். அந்தச் சத்தம் கோட்டோடு நின்றுவிட வேண்டும், ஓட்டம் முடிந்தது என்று அவரிடம் உடனே சொல்ல ஓர் ஆளை நிறுத்துங்கள்.

வெளியிடும் முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றவர், சத்தம் கோட்டோடு நின்றுவிட வேண்டும் என்ற கடைசி வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.