பூட்டியிருந்த லேப்

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். போன வருடம் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கணக்கு கொடுத்தால், மற்றவர்கள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள்.

ஒரு மாலை மின்சுற்றுப் பாடம். என்னிடமிருந்த பழைய அம்மீட்டர், பேட்டரி, ஒயர் எல்லாவற்றையும் அவள் முன்னால் வைத்து, "கனெக்‌ஷன் குடு பார்க்கலாம்" என்றேன். அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"ஷாக் அடிக்குமா மிஸ்?"

பேட்டரியைப் பார்த்து அப்படிக் கேட்கிற பெண் இல்லை அவள். "ஸ்கூல்ல ப்ராக்டிகல் செஞ்சிருப்பியே?" என்றேன்.

"லேபு பூட்டிக்கினு இருக்குதுங்க மிஸ். சாரு ரீடிங்க போர்டுல எழுதிப் போடுவாரு. நாங்க பாத்து எழுதிக்குவோம்."

யாரும் அளக்காத அளவுகள். மறுநாள் காலை அவள் பள்ளிக்கே போனேன். இயற்பியல் ஆசிரியர் வராந்தாவில் நிற்க வைத்தே பேசினார்.

"ப்ராக்டிகல்ல எல்லாருக்கும் ஃபுல் மார்க் போடுறோம் மேடம். உங்களுக்கு என்ன பிரச்சனை?"

"பிள்ளைங்க ஒரு கருவியைக்கூடத் தொட்டதில்லையே சார்."

"தொட்டா உடைச்சிடுவாங்க. யாரு பதில் சொல்றது?"

உடையட்டும் சார், உடைந்தால்தான் என்ன என்று கத்தினேன். வகுப்பு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அவர் உள்ளே போய்விட்டார்.

அந்தக் கோபத்தை அவர் அவள் மேல் இறக்கினார். மாலை வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். "ஏன் மிஸ் போயி கேட்டீங்க? டியூஷன்ல போயி கோள் சொல்றியான்னு பீரியடு பூரா என்னிய நிக்க வச்சிட்டாரு."

திரும்பப் போகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அவள் தடுத்தாள்.

"வாணாம் மிஸ். நானே கேட்டுட்டேன். நின்னுகினுதான இருந்தேன், அப்படியே சாவியக் குடுங்க சார்னு கேட்டேன். பின்னாடி பெஞ்சு பசங்களும் எழுந்து நின்னுட்டாங்க. அப்புறம் எல்லாரும் நின்னுட்டோம்."

மணியடித்தும் யாரும் உட்காரவில்லையாம். தலைமையாசிரியர் வந்துதான் சாவியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே பெஞ்சு முழுக்கப் புழுதி. ஆனால் பீரோவில், மின்னோட்டம் பாய்ந்தால் முள் அசையும் கால்வனாமீட்டர்கள், வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் வரிசையாக இருந்தன. அதை அவள் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் தணியவில்லை. கருவியே இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருந்ததை, எத்தனை வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் லேப் திறந்தது. ப்ராக்டிகல் பரீட்சையில் அவள் தானே ஒயர்களை இணைத்து, கால்வனாமீட்டர் முள் அசையாமல் நிற்கும் புள்ளியைத் தானே கண்டுபிடித்து எழுதிவிட்டு வந்தாள். பக்கத்து மேசைப் பையன் எதையும் தொடாமல், முன்பு சார் போர்டில் எழுதிப் போட்ட அளவுகளையே எழுதி வைத்தானாம். இருவருக்கும் ஒரே மார்க்.

"போவுது வுடுங்க மிஸ்" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.